அரை முறை வகையிட்டால் என்ன கிடைக்கும்?

சென்ற இதழில், ரப்பரும் பிளாஸ்டிக்கும் தங்கள் மேல் ஏறிய பாரத்தை நினைவில் வைத்திருக்கின்றன, அந்த நினைவைக் கணக்கில் எழுதப் பின்ன வரிசை நுண்கணிதம் என்று ஒன்று இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் சில பதில்கள் நீளும்.

கேள்வி: முதல் வகைக்கெழு வேகம், இரண்டாவது முடுக்கம் என்று படித்தோம். அரை வகைக்கெழு என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? ஒரு வேலையை ஒரு முறை செய்யலாம், இரண்டு முறை செய்யலாம், அரை முறை எப்படிச் செய்வது? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

இதே கேள்வி நுண்கணிதம் பிறந்த சில ஆண்டுகளிலேயே எழுந்துவிட்டது. எத்தனை முறை வகையிடுகிறோம் என்பதைச் சொல்லும் வரிசை எண் அரையாக இருந்தால் என்ன ஆகும் என்பது பற்றி, நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் 1695 செப்டம்பர் 30 அன்று பிரெஞ்சுக் கணிதர் லோபிதாலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பார்த்தால் முரண்பாடு போலத் தெரிகிறது, ஆனால் ஒருநாள் இதிலிருந்து பயனுள்ள விளைவுகள் வரும் என்று அதில் சொல்லியிருக்கிறார்.

'அரை முறை' என்பதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சார்பின் மேல் ஒரு செயலைச் செய்கிறோம். கிடைத்ததன் மேல் அதே செயலை இன்னொரு முறை செய்கிறோம். இரண்டும் சேர்ந்து சாதாரண வகையிடலாக முடிந்தால், அந்தச் செயல்தான் அரை வகையிடல். வர்க்கமூலம் மாதிரிதான்: மூன்றை எந்த எண்ணின் வர்க்கமாக எழுதலாம் என்று தேடியது போல, வகையிடலை எதன் 'வர்க்கமாக' எழுதலாம் என்று தேடுகிறோம்.

எக்ஸ் என்ற சார்பையே எடுப்போம். எக்ஸின் அடுக்குகளை வகையிடும் விதியில் காரணீயப் பெருக்கங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முழு எண்களுக்கு மட்டும் இருந்த அந்தப் பெருக்கத்தை எல்லா எண்களுக்கும் நீட்டித் தருவது காமா சார்பு, அரையில் அதன் மதிப்பு பையின் வர்க்கமூலம். இதைப் போட்டுக் கணக்கிட்டால் எக்ஸின் அரை வகைக்கெழு, எக்ஸின் வர்க்கமூலத்தை 2-ஆல் பெருக்கிப் பையின் வர்க்கமூலத்தால் வகுத்தது என்று வரும். 1819-இல் லாக்ருவா தன் பாடநூலில் இதை எழுதிக்காட்டினார். கிடைத்ததை மறுபடி அரை முறை வகையிடுங்கள்: எக்ஸின் வர்க்கமூலத்துக்கு அரை வகைக்கெழு, பையின் வர்க்கமூலத்தில் பாதி. இரண்டையும் பெருக்கினால் பை அடிபட்டுப்போய் 1 மட்டும் நிற்கிறது. எக்ஸின் வழக்கமான வகைக்கெழு அதுதானே? முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை. நீங்களும் போட்டுப் பாருங்கள், அரைப் பக்கக் கணக்குதான்.

கேள்வி: சரி, கணிதமாக அழகுதான். ஆனால் இதற்கும் நாம் தொட்டுப் பார்க்கிற பொருள்களுக்கும் என்ன சம்பந்தம்? (இயற்பியல் ஆசிரியர்)

பள்ளியில் திடத்துக்கு ஒரு விதியும் திரவத்துக்கு ஒரு விதியும் தனித்தனியாகக் கற்பிக்கிறோம். திடத்துக்கு ஹூக்: தகைவு (ஓரலகு பரப்பில் விழும் விசை) திரிபுக்கு (நீளம் எவ்வளவு பங்கு மாறியது என்பதற்கு) நேர்விகிதம். திரவத்துக்கு நியூட்டன்: தகைவு, திரிபு மாறும் வேகத்துக்கு நேர்விகிதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதலாவதில் திரிபை வகையிடவே இல்லை, அதாவது பூஜ்ய முறை வகையிட்டிருக்கிறோம். இரண்டாவதில் ஒரு முறை.

ஆனால் ரப்பர், பிளாஸ்டிக், தார், ஜெல், தசை, குருத்தெலும்பு எதுவும் சுத்தத் திடமும் இல்லை, சுத்தத் திரவமும் இல்லை. மெமரி ஃபோம் தலையணையைக் கையால் அழுத்தி எடுத்தால் கைத்தடம் அப்படியே இருக்கும், அப்புறம் மெல்ல மெல்ல மேலெழும்பும். வடிவம் திரும்பி வருகிறது, அதனால் திடம். நேரம் எடுத்துக்கொள்கிறது, அந்தக் குணம் திரவத்தினுடையது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிற பொருளுக்கு, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிற வகைக்கெழுவை எழுதினால் என்ன? 1940-களில் ஸ்காட் பிளேர் செய்தது அதைத்தான். ரப்பரையும் தாரையும் கையில் கொடுத்து எது கெட்டி என்று கேட்டால், எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஆட்கள் சொல்லும் பதில் மாறுவதை அவர் ஆராய்ந்திருக்கிறார். ஒரு கணம் அழுத்தினால் தார் கெட்டி, அழுத்திக்கொண்டே இருந்தால் அது நழுவிவிடும். 'கெட்டித்தன்மை' என்று ஒற்றை எண்ணைக் கேட்பதே தவறு, நேரத்தையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்பது அங்கிருந்து வருகிற பாடம். ஸ்பிரிங்குக்கும், எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் பிஸ்டன் நகர்கிற டேஷ்பாட்டுக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கற்பனை உறுப்புக்கு ஸ்பிரிங்பாட் என்ற பெயரை 1984-இல் கோயெல்லர் வைத்தார். அதன் வரிசை எண்ணை ஆல்பா என்பார்கள்.

இதனால் என்ன லாபம் என்று உடனே கேட்பீர்கள். ஒரு பொருளைச் சட்டென்று இழுத்து, அந்த நீளத்திலேயே பிடித்துவைத்து, அது திருப்பி இழுக்கும் விசை எப்படிக் குறைகிறது என்று பார்ப்போம். ஒரு ஸ்பிரிங்கையும் ஒரு டேஷ்பாட்டையும் கோர்த்துச் செய்த பழைய மாதிரியில் விசை சம நேரத்துக்குச் சம விகிதத்தில் விழும். 10 நொடியில் பாதியானால் 20 நொடியில் கால், 100 நொடியில் 1024-இல் ஒரு பங்கு, அதோடு கதை முடிந்தது. ஸ்பிரிங்பாட் அப்படி விழாது. ஆல்பா 0.3 என்று வையுங்கள். விசை, நேரத்தின் 0.3 அடுக்கால் வகுபட்டுக் குறையும், பத்தின் 0.3 அடுக்கு ஏறக்குறைய 2. அதனால் நேரம் பத்து மடங்கானால்தான் விசை பாதியாகும்: முதல் நொடியில் இருந்தது 10-ஆவது நொடியில் பாதி, 100-ஆவது நொடியில் கால், 1000-ஆவது நொடியில் அரைக்கால். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். நிஜப் பாலிமர்களையும் திசுக்களையும் சோதித்தால் பல சமயம் இந்த இரண்டாவது மாதிரிதான் வருகிறது, தொடக்கத்தில் வேகமாக இறங்கி, அப்புறம் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டே போகும். 1921-இலேயே நட்டிங் இந்த அடுக்கு விதியைத் தன் சோதனைகளிலிருந்து எழுதிவிட்டார். அதற்கும் முன்னால் 1835-இல் வில்ஹெல்ம் வேபர் பட்டு நூலில் எடை தொங்கவிட்டு, உடனடி நீட்சிக்குப் பிறகும் நூல் மெதுவாக நீண்டுகொண்டே போவதையும், எடையை எடுத்த பிறகு மெதுவாகத் திரும்புவதையும் பதிவு செய்திருக்கிறார்.

பழைய முறையில் இந்த இழுபறியைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு ஸ்பிரிங்-டேஷ்பாட் ஜோடி போதாது. நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஜோடியாவது வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள். ஸ்பிரிங்பாட் கேட்பது மொத்தமே இரண்டு எண்கள்.

கேள்வி: உயிரில்லாத பொருளுக்கு 'நினைவு' என்று எழுதுவது வெறும் உவமைதானே? (வாசகர் ஒருவர்)

இல்லை, எழுத்துக்கு எழுத்து உண்மை. சமன்பாட்டுக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது, காட்டுகிறேன்.

ஒரு நூலின் நீளத்தை நொடிக்கு ஒரு முறை அளந்து எழுதிவைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகைக்கெழு வேண்டுமானால் இப்போதைய நீளத்திலிருந்து ஒரு நொடிக்கு முந்தைய நீளத்தைக் கழிப்பீர்கள். அதற்கு முன்னால் என்ன நடந்திருந்தாலும் கவலை இல்லை, நோட்டின் கடைசி இரண்டு வரி போதும். அரை வகைக்கெழுவை இதே பாணியில் கணக்கிடும் வழியை 1867-இல் க்ரூன்வால்டும் 1868-இல் லெட்னிகோவும் தந்தார்கள். இப்போதைய நீளத்தை முழுதாக எடுக்கிறீர்கள். ஒரு நொடிக்கு முந்தையதில் 0.5 பங்கைக் கழிக்கிறீர்கள். இரண்டு நொடிக்கு முந்தையதில் 0.125, மூன்றுக்கு 0.0625, நான்குக்கு 0.0390625, இப்படியே நோட்டின் முதல் பக்கம் வரை. கழிக்கும் பங்குகள் சுருங்கிக்கொண்டே போகின்றன, ஆனால் எங்கேயும் பூஜ்யம் ஆவதில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 1. இந்த நான்கைக் கூட்டினால் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வரும், மீதி கால் பங்குக்கு மேல் அதற்கும் முந்தைய காலத்துக்குச் சொந்தம். நூறு நொடி பின்னால் போனாலும் நூற்றுக்கு 5-க்கு மேல் இன்னும் பாக்கி இருக்கிறது.

ஆக, இந்த நொடியில் பொருள் காட்டும் விசையைச் சொல்ல, அது பட்ட பாடு முழுவதும் தேவைப்படுகிறது. கடந்த கால இழுப்புகள் ஒவ்வொன்றும் தன் பங்கை விட்டுச்செல்கிறது, அவற்றைக் கூட்டினால் இன்றைய நிலை என்று 1874-இல் போல்ட்ஸ்மான் சொன்னார். அந்தக் கூட்டலில் பழைய சம்பவங்களுக்கு அடுக்கு விதிப்படி எடை கொடுத்தால், வந்து நிற்பது பின்ன வகைக்கெழுவேதான்.

பொருளுக்குள் இந்த நினைவு எங்கே இருக்கிறது? பாலிமரில் அது சங்கிலிகளின் சிக்கலில் இருக்கிறது. சங்கிலியின் சின்னத் துண்டு நிமிடத்தில் ஒரு துளி நேரத்திலேயே தன் இடத்தைச் சரிசெய்துகொள்ளும். பெரிய துண்டு நகர வேண்டுமானால் அதற்குள் இருக்கிற சின்னத் துண்டுகள் எல்லாம் ஒத்துழைக்க வேண்டும், அதனால் தாமதம். முழுச் சங்கிலிக்கு இன்னும் தாமதம். ஒரே பொருளுக்குள் ஆயிரக்கணக்கான கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன, எல்லாம் சேர்ந்து அடுக்கு விதியாகத் தெரிகிறது. 1953-இல் ரௌஸ் தந்த சங்கிலி மாதிரியில் கணக்குப் போட்டால், இடைப்பட்ட நேர அளவுகளில் ஆல்பா சரியாக 0.5 என்று வருகிறது. யாரும் பொருத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண் அல்ல அது, சங்கிலியின் இயக்கத்திலிருந்து தானாக வந்து விழுந்தது. இந்தத் துறையில் என்னை முழுதாக நம்பவைத்த இடம் இதுதான்.

கேள்வி: ஆல்பா 0.3 என்றால் அந்தப் பொருள் 30 சதவீதம் திரவம், 70 சதவீதம் திடம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஆல்பா கலவை விகிதம் இல்லை. பொருளை முன்னும் பின்னும் அசைத்தால் விசையும் அசைவும் எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்பதை அது சொல்கிறது. சுத்த ஸ்பிரிங்கில் இரண்டுக்கும் இடைவெளி 0 பாகை, சுத்தத் திரவத்தில் 90 பாகை, ஆல்பா 0.3 என்றால் 27 பாகை. வீணாகும் பங்குக்கும் திரும்பக் கிடைக்கும் பங்குக்கும் உள்ள விகிதம் 27 பாகையின் டேன்ஜென்ட், அதாவது சுமார் 0.51. நீங்கள் நினைத்த கணக்குப்படி இது 30-க்கு 70, அதாவது 0.43 ஆகியிருக்க வேண்டும். எவ்வளவு வேகமாக அசைத்தாலும் இந்தக் கோணம் மாறாது என்பதுதான் ஸ்பிரிங்பாட்டின் அடையாளம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ரப்பர் அதிர்வுத் தாங்கிகளை வடிவமைக்கிறோம். மென்பொருளில் பதினைந்து ஜோடி ஸ்பிரிங்-டேஷ்பாட் போட்டு ஓட்டுகிறோம், விடையும் சரியாகவே வருகிறது. நாங்கள் ஏன் மாற வேண்டும்? (வடிவமைப்புப் பொறியாளர்)

நீங்கள் சோதனை செய்த அதிர்வெண் வரம்புக்குள்ளேயே தாங்கி வேலை செய்யப் போகிறது என்றால் மாற வேண்டாம். வேலை செய்கிற கருவியை ஃபேஷனுக்காகத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பதினைந்து ஜோடி என்றால் முப்பது எண்கள். முப்பது எண்களைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைப் புள்ளிகளின் வழியாக எந்தக் கோட்டையும் இழுத்துவிடலாம், அதில் அளவீட்டுப் பிழையும் சேர்ந்து பொருந்திவிடும். அந்த வரம்பைத் தாண்டி ஒரு அடி வைத்தாலும் மாதிரி கைவிட்டுவிடும். நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் இப்படிப் பொருத்திய ஒரு மாதிரியை நம்பி, அளக்காத அதிர்வெண்ணுக்கு விடை சொல்லி, பிறகு அளந்து பார்த்தபோது பாதிக்குப் பாதி தவறாக இருந்தது. ஒரு ஸ்பிரிங்பாட்டும் இரண்டு ஸ்பிரிங்குகளும் சேர்ந்த நான்கு எண் மாதிரியில் அந்தச் சுதந்திரம் இல்லை, பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் தெரிந்துவிடும். பேக்லியும் டார்விக்கும் 1983-இல் மூலக்கூறு அளவிலான கோட்பாட்டோடு இதை இணைத்து எழுதிய பிறகுதான் அதிர்வுத் தணிப்பில் இருக்கிறவர்கள் இதைப் பரவலாகக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

இன்னொன்று செலவு. நினைவு இலவசமாக வராது. 10,000 நேர அடிகள் எடுத்துவைத்தால், ஒவ்வொரு அடியிலும் பழைய அடிகள் எல்லாவற்றையும் கூட்டுவதற்கு மொத்தம் 5 கோடி பெருக்கல்கள், அதுவும் மாதிரியின் ஒவ்வொரு புள்ளிக்கும். இதைக் குறைக்க, மிகப் பழைய நினைவை வெட்டிவிடுவது ஒரு வழி. பின்ன வகைக்கெழுவைக் கணினிக்குள் பல சாதாரண ஸ்பிரிங்-டேஷ்பாட் ஜோடிகளாக மாற்றி ஓட்டுவது இன்னொரு வழி, எனக்குப் பிடித்ததும் அதுதான். அப்போதும் ஜோடிகளின் எண்கள் தனித்தனியாகப் பொருத்தியவை அல்ல, எல்லாம் நான்கு எண்களிலிருந்து பிறந்தவை. உங்கள் மென்பொருளை மாற்றாமலேயே இதைச் செய்யலாம்.

கேள்வி: பின்ன வகைக்கெழுவுக்கு ரீமான்-லியோவில், கபூட்டோ என்று ஆளுக்கொரு வரையறை இருக்கிறதே, எதை எடுப்பது? (முதுகலை மாணவர்)

பொருளியக்கக் கணக்குக்குக் கபூட்டோவில் தொடங்குங்கள். ரீமான்-லியோவில் முறையில் ஒரு மாறிலிக்குக் கூட அரை வகைக்கெழு பூஜ்யமாக வராது, தொடக்க நிபந்தனைகளும் அளக்க முடியாத வடிவில் வந்து நிற்கும். கபூட்டோவில் மாறிலி பூஜ்யமாகிவிடும், தொடக்க நீளம், தொடக்க வேகம் என்று கையில் பிடிக்கக்கூடிய எண்களே போதும். நில அதிர்வலைகள் பூமிக்குள் தேய்ந்துபோகும் விதத்தை எழுத 1967-இல் கபூட்டோ இதைக் கொண்டுவந்தார், அதாவது ஒரு நிஜப் பொருளைப் பற்றிய தேவையிலிருந்து பிறந்த வரையறை.

2015-இல் கபூட்டோவும் ஃபப்ரிசியோவும் அடுக்கு விதிக்குப் பதிலாக அடுக்குக்குறிச் சார்பைப் போட்டு இன்னொரு வரையறை தந்தார்கள், அதை வைத்து ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. என் கருத்தைச் சொல்கிறேன்: அடுக்குக்குறிச் சார்பு என்பது சம நேரத்துக்குச் சம விகிதத்தில் விழும் ஒற்றைக் கடிகாரம், அதாவது பழைய ஸ்பிரிங்-டேஷ்பாட் ஜோடியின் நினைவேதான். பல சமன்பாடுகளை ஒரு முறை வகையிட்டால் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடாகவே மாறிவிடும். நீண்ட நினைவுக்காகத்தான் இந்தப் பக்கம் வந்தீர்கள் என்றால் அது அங்கே கிடைக்காது.

கேள்வி: பிளாஸ்டிக், ரப்பர் தவிர வேறு எங்காவது இது வருகிறதா?

நிறைய இடங்களில். தடித்த சுவரின் மேற்பரப்பில் வெப்பநிலை மாறும்போது உள்ளே பாயும் வெப்பம், அந்த மேற்பரப்பு வெப்பநிலையின் அரை வகைக்கெழுவுக்கு நேர்விகிதம். இதில் தோராயம் எதுவும் இல்லை, சாதாரண வெப்பக் கடத்தல் சமன்பாட்டிலிருந்தே நேராக வருவது. பேட்டரியின் மின்முனையருகே அயனிகள் பரவுவதிலும் அதே அரை. ஒளிநகல் இயந்திரங்களில் பயன்பட்ட ஒழுங்கற்ற குறைகடத்திகளில் மின்னூட்டங்கள் தங்களைப் பிடித்துவைக்கும் இடங்களில் சிக்கிச் சிக்கி நகர்வதை 1975-இல் ஷெரும் மான்ட்ரோலும் விளக்கினார்கள், அதுவும் பின்ன வரிசைச் சமன்பாட்டில் அழகாக அடங்குகிறது.

கேள்வி: பெரிய கருவி எதுவும் இல்லாமல் இதைக் கண்ணால் பார்க்க முடியுமா? (கல்லூரி அறிவியல் மன்றத்திலிருந்து)

முடியும். மெல்லிய பாலித்தீன் உறையிலிருந்து ஒரே அகலத்தில், ஒரே திசையில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். வெட்டு விளிம்பு பிசிறில்லாமல் இருக்க வேண்டும், சின்னக் கிழிசல் இருந்தாலும் அங்கிருந்தே நீண்டு கணக்கைக் கெடுத்துவிடும். பேனாவால் இரண்டு மெல்லிய கோடுகள் போட்டு, மேல்முனையைப் பிடித்துக்கட்டி, கீழே சிறிய எடை தொங்கவிடுங்கள். எடை அதிகமானால் பட்டை நிரந்தரமாக இளகிவிடும், அப்புறம் நான் சொல்லும் எதுவும் பொருந்தாது. அறையின் வெப்பநிலையும் மாறாமல் இருக்கட்டும், ஆல்பாவை விட அதுதான் பெரிய தொந்தரவு.

கோடுகளுக்கு இடையிலான தூரத்தை 1, 10, 100 நிமிடங்களில் கைப்பேசியில் படமெடுத்து அளந்துகொள்ளுங்கள். எடை மாட்டியவுடன் வரும் நீட்சியைக் கழித்துவிட்டு, மீதியை இரண்டு அச்சுகளும் மடக்கையில் இருக்கிற தாளில் குறியுங்கள். புள்ளிகள் ஒரு நேர்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் அந்தக் கோட்டின் சாய்வுதான் உங்கள் பட்டையின் ஆல்பா.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. இரண்டு பட்டைகளுக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். ஒன்றில் எடையை 1 நிமிடம், மற்றதில் 10 நிமிடம் தொங்கவிட்டு எடுத்துவிடுங்கள். எடுத்த 10 நிமிடம் கழித்து இரண்டையும் அளவுங்கள். ஆல்பா 0.3 ஆக இருந்தால், ஒரு நிமிடம் தொங்கிய பட்டையில் அந்த மெதுவான நீட்சியில் நூற்றுக்கு 6 பங்குதான் மிச்சம் இருக்க வேண்டும், பத்து நிமிடம் தொங்கியதில் 23 பங்கு. உங்கள் ஆல்பா வேறாக இருந்தால் எண்களும் மாறும், அதனால் அளப்பதற்கு முன்னால் கணக்குப் போட்டு எழுதி வைத்துவிட்டு அளவுங்கள். இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள், பொருந்தாமல் போனால் கட்டாயம் எழுதுங்கள்.